மெஷினைத் திட்டுவதற்கு முன்: வீட்டுத் தையலில் வரும் கோளாறுகளும் அவற்றின் வேரும்

வீட்டில் துணி தைப்பவர்களும் பழைய உடுப்பைப் பிரித்து வேறொன்றாக்குபவர்களும் சிக்கிக்கொள்ளும் இடங்களுக்கு ஒரு பொதுக்குணம் உண்டு. கோளாறு தெரிவது ஓரிடம், அது பிறந்தது வேறிடம். அடியில் நூல் சிக்கினால் பிழை பெரும்பாலும் மேல் நூலில் இருக்கும். சட்டையின் கை இறுக்கினால் அந்தக் கையை அகலப்படுத்தி ஒன்றும் ஆகாது. கண்ணில் பட்ட திருகைத் திருகப் போனால் ஒரு கோளாறு இரண்டாகும்.

அதனால் அறிகுறிகளின் பெயரிலேயே பிரித்து எழுதியிருக்கிறேன். உங்களுக்கு எது நடக்கிறதோ நேராக அங்கே போய்விடலாம். எதைச் சரிபார்த்தாலும் தைக்கப்போகும் அதே துணியின் வெட்டுத்துண்டை இரண்டாக மடித்து அதில் பாருங்கள். மேலே ஒரு நிற நூல், அடி நூல் சுற்றியிருக்கும் சின்ன உருளையான பாபினில் வேறு நிறம். ஒரே நிறத்தில் பார்த்தால் எந்த நூல் தப்பு செய்கிறது என்றே தெரியாது.

துணிக்கு அடியில் நூல் கொத்துக் கொத்தாகச் சிக்குகிறது

சிக்கு அடியில் இருப்பதால் எல்லோரும் பாபினைத்தான் கழற்றுவார்கள். அடியில் கொத்தாகக் கிடப்பது பெரும்பாலும் மேல் நூல். மேல் நூல், அதற்கு இறுக்கம் (டென்ஷன்) கொடுக்கும் இரண்டு தட்டுகளுக்கு நடுவில் பிடிபட்டு வர வேண்டும். துணியை அழுத்திப் பிடிக்கும் பாதம் (பிரஷர் ஃபுட்) இறங்கியிருந்தால் அந்தத் தட்டுகள் மூடியிருக்கும். அந்த நிலையில் நூல் கோத்தால் நூல் உள்ளே போகாமல் தட்டுகளின் விளிம்பில் உட்கார்ந்துவிடும். பிடிப்பே இல்லாத நூல் ஒவ்வொரு தையலுக்கும் தாராளமாக இறங்கி அடியில் குவிகிறது.

பாதத்தைத் தூக்குங்கள். நூலை முழுவதும் உருவி எடுத்து முதலிலிருந்து கோத்துவிடுங்கள். ஊசிக்குள் விட்டபின் நூல் நுனியைப் பிடித்து மெதுவாக இழுங்கள்: தடையில்லாமல் வரும். இப்போது பாதத்தை இறக்கி மறுபடி இழுங்கள். ஊசியே லேசாக வளைகிற அளவுக்கு நூல் எதிர்க்க வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லையென்றால் நூல் இன்னும் தட்டுக்குள் போகவில்லை என்று பொருள். இந்தச் சோதனைக்கு அரை நிமிடம்கூட ஆகாது.

அப்படியும் சிக்கினால், மேலும் கீழும் ஆடும் நூல் தூக்கியின் துளையில் நூல் இருக்கிறதா என்று பாருங்கள். வேகமாகத் தைக்கும்போது அது நழுவிவிடுவதுண்டு. சிக்கு ஆரம்பத்தில் மட்டும் வருகிறதா? அப்படியானால் கோர்த்ததில் குறையில்லை. இரண்டு நூல் நுனிகளையும் பின்பக்கமாகப் பிடித்துக்கொண்டு முதல் மூன்று நான்கு தையலைப் போடுங்கள், போதும்.

தையல் ஒரு பக்கம் அழகாக, மறுபக்கம் புள்ளி புள்ளியாக

இரு நூலும் முடிச்சிடும் இடம் துணியின் இரண்டு மடிப்புக்கு நடுவில் ஒளிந்திருக்க வேண்டும். பாபின் நூலின் நிறம் மேலே புள்ளியாகத் தெரிந்தால் மேல் டென்ஷன் அதிகம். மேல் நூலின் நிறம் அடியில் வளையமாகத் தெரிந்தால் மேல் டென்ஷன் குறைவு. எண் போட்ட திருகில் அரை எண், அரை எண்ணாக நகர்த்திப் பாருங்கள்.

பாபின் உட்காரும் கூடான பாபின் கேஸில் இருக்கும் சின்னத் திருகைத் தொடுவதற்கு முன் பாபின் கேஸை நூலைப் பிடித்துத் தொங்கவிடுங்கள். தானாகக் கீழே ஓடக் கூடாது, அசையாமல் நிற்கவும் கூடாது. கையை ஒரு வெட்டு வெட்டினால் கொஞ்சம் இறங்கி நிற்க வேண்டும். அப்படி நின்றால் அந்தத் திருகுக்கு உங்கள் உதவி தேவையில்லை. நிற்கவில்லையென்றால் முதலில் அதன் தகட்டு இடுக்கில் சிக்கிய பஞ்சை ஒரு நூலை விட்டு இழுத்து எடுங்கள். அப்புறமும் சரியாகாவிட்டால் கால் சுற்றுக்கு மேல் திருகாதீர்கள், பழைய நிலையைப் பேனாவால் குறித்துக்கொண்டு திருகுங்கள்.

தையல் விட்டு விட்டு விழுகிறது

இது அநேகமாக ஊசியின் வேலை. ஊசி அடிவரை இறங்கி மேலே ஏறத் தொடங்கும் கணத்தில், அதன் பின்புறக் குழிவில் நூல் ஒரு சிறு வளையமாக உப்பும். அடியில் பாபினைச் சுற்றி ஓடும் ஷட்டிலின் கூர்முனை அந்த வளையத்துக்குள் நுழைந்தால்தான் தையல் பிறக்கும். ஊசி கொஞ்சம் வளைந்திருந்தாலும், முனை மழுங்கியிருந்தாலும், மேலே முட்டும்வரை தள்ளாமல் ஒரு நூலளவு கீழே நின்றாலும் ஷட்டில் வளையத்தைத் தவறவிடும்.

எனவே முதல் வேலை புது ஊசி. ஏறத்தாழ 8 மணி நேரத் தையலுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது வழக்கம். ஊசி உடைந்தால்தான் மாற்றுவது என்பவர்கள்தான் நம்மில் அதிகம், தையல் விடுவதற்கு அதுவே பாதிக் காரணம். ஊசியின் ஒரு பக்கத்தில் நீளமான பள்ளம் ஓடும், எதிர்ப்பக்கத்தில் துளைக்கு மேலே அந்தக் குழிவு இருக்கும். நீளப் பள்ளம் இருக்கும் பக்கத்திலிருந்துதான் நூல் உள்ளே நுழைய வேண்டும். ஊசியைத் திருப்பிப் போட்டுவிட்டால் ஒரு தையல்கூட விழாது, அல்லது நூல் அறுந்துகொண்டே இருக்கும்.

அடுத்து ஊசி எண். உறையில் 90/14 என்பதுபோல இரண்டு எண் இருக்கும். முதலெண் தடிமன், மில்லிமீட்டரில் நூறில் இத்தனை பங்கு: 90 என்றால் 0.9 மில்லிமீட்டர். மெல்லிய பட்டு, வாயில் (voile) எனும் மெல்லிய துணி போன்றவற்றுக்கு இரண்டாம் எண் 9 அல்லது 11. சாதாரணப் பருத்திக்கு 11 முதல் 14. ஜீன்ஸுக்கு 16. பனியன் துணிக்கு எண் மட்டும் போதாது, முனையும் மாற வேண்டும். கூர்முனை ஊசி அதன் இழையைக் குத்திக் கிழிக்கும், துணியும் ஊசியோடு சேர்ந்தே மேலே எழும்பும், நூல் வளையம் உருவாக இடமிருக்காது. முனை உருண்ட பால்பாயிண்ட் ஊசியோ ஸ்ட்ரெச் ஊசியோ போட்டால் இழைகளை விலக்கிக்கொண்டு போகும். பனியன் துணியில் தையல் விடுகிறது என்று மெஷினைப் பழுதுபார்க்கக் கொடுப்பதற்கு முன் இந்த ஓர் ஊசியை வாங்கிப் பார்த்துவிடுங்கள்.

நூல் அறுகிறது

நூலைக் கையில் பிடித்து வெடுக்கென்று இழுங்கள். சுலபமாக அறுந்தால் நூல் கிழடாகிவிட்டது, தூக்கிப் போடுங்கள். நூல் நன்றாக இருந்தால் நூல்கண்டின் விளிம்பில் வெட்டுப்பட்டு நூல் மாட்டுகிறதா என்று பார்க்கலாம். அதுவும் இல்லையென்றால் ஊசித் துளை, இல்லாவிட்டால் ஊசி இறங்கும் உலோகத் தகடான ஊசித் தகட்டின் துளை ஓரம். ஊசி ஒருமுறை தகட்டில் மோதியிருந்தால் அங்கே சொரசொரப்பு வந்திருக்கும். நகத்தால் தடவினாலே தெரியும்.

துணி நகரவில்லை, அல்லது உள்ளே இழுத்துக்கொள்கிறது

நகராவிட்டால் ஊசித் தகட்டைக் கழற்றிப் பாருங்கள். துணியை நகர்த்தும் பல்வரிசைகளுக்கு நடுவில் பஞ்சு இறுகி அட்டை மாதிரி படிந்திருக்கும். பற்கள் தகட்டுக்கு மேலே எழ இடமில்லாமல் போய்விடும். பிரஷால் எடுங்கள், வாயால் ஊதாதீர்கள். ஊதினால் ஈரமும் போகும், பஞ்சும் இன்னும் ஆழமாகப் போகும். எண்ணெய் விடும் மெஷினாக இருந்தால் தையல் மெஷின் எண்ணெய் மட்டுமே. சமையல் எண்ணெய் நாளடைவில் பிசினாகி இறுகிவிடும். சில புதிய மெஷின்களுக்கு நாம் எண்ணெய் விடவே வேண்டியதில்லை, கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். தகட்டை மாட்டியபின், எம்பிராய்டரிக்காகப் பற்களை இறக்கும் பட்டனை யாராவது தள்ளி வைத்திருக்கிறார்களா என்றும் ஒரு பார்வை.

மெல்லிய துணியின் முனை தகட்டுத் துளைக்குள் போய்விடுகிறதென்றால், முதலில் ஒரு வெட்டுத்துண்டில் தையலைத் தொடங்கி, நூலை வெட்டாமல் அப்படியே உண்மையான துணிக்குள் ஓட்டிச் செல்லுங்கள்.

நேராகத் தைத்தும் தையல் ஓரம் சுருங்குகிறது

மெல்லிய துணியில் வருவது. நான் பார்க்கும் வரிசை இது: ஊசி பெரிதா, டென்ஷன் இறுக்கமா, பாபினை வேகமாகச் சுற்றினோமா. மூன்றாவதை யாரும் யோசிப்பதில்லை. பாலியெஸ்டர் நூலை முழுவேகத்தில் பாபினில் சுற்றினால் இழுபட்ட நிலையிலேயே சுற்றிக்கொள்ளும். தைத்து முடித்து நூல் தன் பழைய நீளத்துக்குத் திரும்பும்போது துணியையும் கூடவே சுருக்கும். தைக்கும்போது சரியாக இருந்து சிறிது நேரம் கழித்துச் சுருங்கினால் சந்தேகம் இதன்மேல்தான் போக வேண்டும். பாபினைப் பாதி வேகத்தில் சுற்றுங்கள். ஊசிக்கு முன்னும் பின்னும் துணியை இரு கையாலும் தட்டையாக, இழுக்காமல் பிடியுங்கள். தையல் நீளத்தை 2 மில்லிமீட்டருக்குக் கொண்டுவாருங்கள். இதற்குமேலும் சுருங்கும் துணிக்கு அடியில் டிஷ்யூ தாளை வைத்துத் தைத்துவிட்டுக் கிழித்தெடுக்கலாம்.

பனியன் துணி அலை அலையாக விரிகிறது

சுருங்குவதற்கு நேரெதிர் இது. பாதம் துணியை அழுத்தி இழுத்துக்கொண்டே போகிறது, தையல் அந்த விரிந்த நிலையிலேயே அதைப் பூட்டிவிடுகிறது. பாதத்தின் அழுத்தத்தைக் குறைக்கும் திருகு இருந்தால் குறையுங்கள். நேர் தையலுக்குப் பதில் மிகக் குறுகிய ஜிக்ஜாக், அகலம் அரை மில்லிமீட்டர், நீளம் இரண்டரை. நேர் தையல் போட்டால் உடுத்தும்போது துணி நீளும், நூல் நீளாது, பட்டென்று அறுந்துவிடும். தைத்தபின் லேசான அலை இருந்தால் இஸ்திரிப் பெட்டியைத் துணிக்கு மேலே பிடித்து ஆவியை மட்டும் காட்டுங்கள். பல சமயம் தானாக அடங்கிவிடும்.

பழைய டி-ஷர்ட்டை வெட்டுபவர்களுக்கு இன்னொன்று. துவைத்த டி-ஷர்ட்டின் பக்கத் தையல் முன்பக்கமாகத் திரும்பி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். முறுக்கிய நூலில் பின்னிய ஒற்றைப் பனியன் துணி, துவைக்கும்போது அந்த முறுக்கைத் தளர்த்திக்கொள்ளத் திரும்புகிறது. அந்தப் பக்கத் தையலை நேர்கோடு என்று நம்பி வெட்டினால் புதிதாகத் தைத்ததும் முறுக்கிக்கொள்ளும். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், மேலிருந்து கீழாகச் சின்னச் சின்ன வி வடிவக் கண்ணிகள் வரிசையாக ஓடும். ஒரே வரிசையைச் சாக்கட்டியால் தொடர்ந்து கோடிழுத்து, அதையே நேராக வைத்து வெட்டுங்கள்.

ஜீன்ஸ் மடிப்பின் மேட்டில் மெஷின் முக்குகிறது

மேட்டில் ஏறும்போது பாதம் அண்ணாந்து நிற்கிறது. அப்போது பற்களுக்குத் துணியைப் பிடிக்க முடிவதில்லை, தையல் ஒரே இடத்தில் குவிகிறது. மேட்டின் உயரத்துக்கு ஒரு துணித்துண்டை மடித்துப் பாதத்தின் பின்பாதிக்கு அடியில் செருகுங்கள். பாதம் சமமாகும், ஏறிப் போய்விடும். சில பாதங்களின் பக்கவாட்டில் ஒரு கறுப்புப் பட்டன் இருக்கும், அதை அழுத்தினால் பாதம் சமநிலையில் பூட்டிக்கொள்ளும். மேட்டைத் தைப்பதற்கு முன் சுத்தியலால் நன்றாகத் தட்டித் தட்டையாக்குங்கள். 16ஆம் எண் ஊசி, கைச்சக்கரத்தால் ஒவ்வொரு தையலாக. மிதியை அழுத்தி வேகமாகக் கடந்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஊசி உடையும் சத்தம் பழகியிருக்கும்.

பெரிய சட்டையைச் சின்னதாக்கினேன், கையைத் தூக்கினால் சட்டையே எழும்புகிறது

பழைய உடுப்பை மாற்றுபவர்களின் தலையாய புகார் இது. விரிவாகவே பார்க்கலாம்.

வழக்கமாகச் செய்வது என்ன? உள்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, இரண்டு பக்கத்திலும் அக்குளிலிருந்து கீழ்வரை குண்டூசி குத்தி, ஒரே கோடாகத் தைத்து, மிச்சத்தை வெட்டிவிடுவது. நிற்கும்போது பார்த்தால் அளவெடுத்த மாதிரி இருக்கும். கையைத் தூக்கினால் கீழ் மடிப்பு இடுப்புக்கு மேலே வந்துவிடும், கைப்பகுதி மேற்கையைப் பிடிக்கும். உடனே கை இறுக்கம் என்று கையை அகலப்படுத்துவார்கள், இல்லையென்றால் சட்டையில் கை பொருந்தும் வளைவான கைக்குழியை இன்னும் தோண்டுவார்கள். தோண்டினால் நிலைமை மோசமாகும்.

காரணம் கைக்குழியின் அடிப்புள்ளி தாழ்ந்திருப்பது. கையைத் தூக்கும்போது அக்குளிலிருந்து இடுப்புவரை உடம்பு நீள்கிறது. கையும் சட்டையும் சேரும் இடம் அக்குளை ஒட்டி இருந்தால் கை மட்டும் போகும். அது அக்குளுக்கு ஒரு சாண் கீழே இருந்தால் கையோடு சட்டையின் பக்கவாட்டு முழுவதும் இழுபட்டாக வேண்டும். தளர்ந்த சட்டையில் அகலம் இருப்பதால் இது உறைப்பதில்லை. அகலத்தை எடுத்துவிட்டுத் தாழ்ந்த குழியை விட்டுவைத்தால்தான் மாட்டுகிறது. உடம்பை ஒட்டிய சட்டைக்குக் கைக்குழி உயரமாக இருந்தால்தான் கை சுதந்திரமாக அசையும். கேட்க முரணாகத் தோன்றும், ஆனால் விஷயம் அதுதான். அடிப்புள்ளி அக்குளுக்கு 2 முதல் 3 சென்டிமீட்டர் கீழே இருந்தால் பெரும்பாலோருக்குப் போதும்.

சரி, ஏற்கெனவே வெட்டிய குழியை எப்படி உயர்த்துவது? கையைக் கழற்றியே ஆக வேண்டும். இதில் குறுக்குவழி கிடையாது. கழற்றிவிட்டு, உங்களுக்குக் கச்சிதமாக இருக்கும் இன்னொரு சட்டையைத் தோள் தையலோடு தோள் தையல் பொருத்தி மேலே விரியுங்கள். தோள் எலும்பு முடியும் இடத்தில் புதிய தோள் முனை, அங்கிருந்து கச்சிதமான சட்டையின் கைக்குழி வளைவு. பக்கத்தை உள்ளே கொண்டுவரும்போது பழைய வளைவின் உயரமான பகுதிக்கு வருகிறோம், அதனால் அடிப்புள்ளி தானாகவே கொஞ்சம் உயரும். இன்னும் போதவில்லையென்றால் தோள் தையலைப் பிரித்து அங்கே 2 சென்டிமீட்டர்போலத் தூக்கித் தைக்கலாம். கழுத்தும் கூடவே ஏறும், காலர் இல்லாத உடுப்பில் அதைத் திரும்ப வெட்டிக்கொள்ளலாம். காலர் இருந்தால் தோளைத் தொட வேண்டாம். அக்குளில் ஒரு சாய்சதுரத் துண்டை வைத்துத் தைப்பது அதற்கு மாற்று. கையின் அடித்தையலும் பக்கத் தையலும் சேரும் இடத்தில் அது கூடுதல் நீளத்தைக் கொடுக்கிறது. வெட்டியெடுத்த மிச்சத்திலேயே துண்டு கிடைக்கும்.

கையைத் திரும்ப வைக்கும்போது கைமேட்டின், அதாவது கைக்குழியில் பொருந்தும் மேல் வளைவின், சுற்றளவை இன்ச் டேப்பை நிமிர்த்திப் பிடித்து அளவெடுங்கள். சாதாரணச் சட்டைக்குக் கைக்குழியைவிட அது ஒரு சென்டிமீட்டர் அளவு கூடுதலாக இருந்தால் போதும். இடது வலது மாறக் கூடாது. கையின் முன்பக்க வளைவு பின்பக்கத்தைவிட ஆழமாக வெட்டப்பட்டிருக்கும், மாறினால் முன்தோளிலிருந்து சாய்வாகச் சுருக்கம் விழும். பிரிப்பதற்கு முன்பே "முன்" என்று சாக்கட்டியால் எழுதி வைப்பது நல்லது.

தைத்துப் போட்டுப் பார்க்கும்போது சுருக்கங்களைப் படிக்கக் கற்றுக்கொண்டால் அளவு டேப்பைவிட அதிகம் சொல்லும். குறுக்குக் கோடு விழுந்தால் அங்கே அகலம் போதவில்லை. செங்குத்தாகத் தொய்ந்தால் அகலம் கூடுதல். சாய்கோடு விழுந்தால் கோட்டின் முனை எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள், பிரிக்க வேண்டியது அந்த இடத்தை.

கழுத்து உடம்போடு ஒட்டாமல் தூக்கிக்கொண்டு நிற்கிறது

கழுத்து வளைவு பெரும்பாலும் கிராஸில், அதாவது இழைக்குச் சாய்வாக, வெட்டுப்படுகிறது. கிராஸ் என்றால் இழுபடும். வெட்டிய மறுநிமிடமே, கையில் எடுத்து ஆராய்வதற்கு முன்பே, ஓரத்தை ஒட்டி ஒற்றைத் துணியில் ஒரு தையல் ஓட்டிவிடுங்கள். ஏற்கெனவே விரிந்துவிட்டதென்றால் அந்தத் தையல் நூலை லேசாக இழுத்துச் சுருக்கி, ஆவி காட்டி அமுக்கலாம். ஓரளவுக்குத்தான் திரும்பும்.

பட்டி வைத்த கழுத்து விறைத்து நின்றால் பட்டியைப் பாருங்கள். நேர் இழையில் வெட்டிய பட்டி வளைவில் படியாது, 45 பாகைச் சாய்வில் வெட்டியிருக்க வேண்டும். உள்பக்கம் மடித்த துணி வெளியே எட்டிப் பார்த்தால், தையலுக்கு விட்ட துணியில் வளைவு நெடுகச் சின்ன வெட்டுகள் கொடுத்து, அதை உள்துணியோடு சேர்த்து விளிம்பை ஒட்டி ஒரு தையல் போடுங்கள். வெளியே தெரியாத இந்த ஒரு தையல்தான் கழுத்தை உள்ளே இழுத்து உட்கார வைக்கிறது. பனியன் துணிக் கழுத்தில் பட்டி அலைந்தால் பட்டி நீளம் அதிகம். கழுத்துச் சுற்றளவில் சுமார் 85 சதவீதம் எடுத்து, பட்டியை மட்டும் இழுத்துக்கொண்டு தைக்க வேண்டும்.

பிரித்த இடத்தில் பழைய கோடும் துளையும் தெரிகிறது

பருத்தியாக இருந்தால் ஈரமாக்கி, துளை வரிசையின்மேல் நகத்தால் இரு திசையிலும் சுரண்டி, ஆவியோடு அமுக்குங்கள். இழைகள் நகர்ந்து துளை மூடிவிடும். மடிப்புத் தடத்துக்கு வெள்ளை வினிகரும் தண்ணீரும் கலந்து தடவி இஸ்திரி போடலாம், சாயம் போகிறதா என்று உள்மூலையில் பார்த்துவிட்டு. ஜீன்ஸின் பழைய மடிப்பில் வெளுத்த கோடு வேறு சமாச்சாரம். அங்கே சாயமே தேய்ந்து போயிருக்கிறது, எந்த வித்தையும் பலிக்காது. அதன்மேல் ஒரு தையல் வரிசையோ நாடாவோ வைத்து அலங்காரம்போலக் காட்டிவிடுவதே புத்திசாலித்தனம். பட்டிலும் தோலிலும் துளை அப்படியே நிற்கும். அவற்றில் புதுத் தையலைப் பழைய தையலுக்கு வெளிப்பக்கம், துணி ஓரத்தை நோக்கி, போடாதீர்கள்.

என்ன துணி என்றே தெரியாத பழைய உடுப்பாக இருந்தால் உள்ளிருந்து ஓர் இழையை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம்போல எரிந்து சாம்பலாகும். பட்டும் கம்பளியும் முடி கருகும் நாற்றம் தரும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும். இஸ்திரிச் சூட்டை இதை வைத்தே முடிவு செய்யலாம். பெட்டியில் ஒரு புள்ளி என்றால் அதிகபட்சம் 110 டிகிரி, இரண்டுக்கு 150, மூன்றுக்கு 200. பாலியெஸ்டருக்கு மூன்று புள்ளி வைத்தால் பளபளப்பான தழும்பு விழும், அது போகாது.

புதுத் தையலை ஒட்டியே துணி கிழிகிறது, ஒட்டுத்துணி சுருங்குகிறது

தையலைக் குறை சொல்லாதீர்கள், துணி நைந்துவிட்டது. பலமாக இருக்கட்டும் என்று தையலை நெருக்கிப் போட்டால் அது தபால்தலை ஓரம்போலத் துளை வரிசையாகி இன்னும் சுலபமாகக் கிழியும். நைந்த துணிக்குத் தையல் நீளம் 3 மில்லிமீட்டர், மெல்லிய ஊசி. வெட்டுவதற்கு முன் துணியை ஜன்னலுக்கு நேராகப் பிடியுங்கள். வெளிச்சம் அதிகம் ஊடுருவும் இடங்கள், அதாவது முழங்கை, அக்குள், இருக்கை, தொடைகளின் உள்பக்கம், இவற்றில் தையல் கோடு விழாதபடி அளவை நகர்த்துங்கள். தவிர்க்க முடியாவிட்டால் உள்ளே மெல்லிய பருத்தியை ஒட்டாக வைத்து, இரண்டையும் சேர்த்துத் தைக்கலாம்.

ஒட்டுத்துணி புதிதாக இருந்தால் முதலில் துவைத்து எடுங்கள். பழைய துணி எத்தனையோ சலவையில் சுருங்கி முடித்துவிட்டது, புதுப் பருத்தி மீட்டருக்கு 3 முதல் 5 சென்டிமீட்டர் வரை இனிமேல்தான் சுருங்கும். தைத்து முடித்த அன்று தட்டையாக இருக்கும் ஒட்டு முதல் சலவையில் சுற்றியுள்ள பழைய துணியைப் பிடித்து இழுப்பது அதனால்தான். உடுப்பை எப்படித் துவைத்து உலர்த்துவீர்களோ அதே வெந்நீர், அதே வெயில், இரண்டு தடவை. பழைய துணியிலிருந்தே ஒட்டு எடுக்க முடிந்தால் இந்த வேலையே இல்லை. ஜீன்ஸில் பின்பாக்கெட்டைப் பிரித்தால் அதன் அடியில் தேயாத, ஆனால் சுருங்கி முடித்த துணி ஒரு கையகலம் கிடைக்கும். நிறம் மட்டும் மற்ற இடத்தைவிடக் கொஞ்சம் கருத்திருக்கும்.